காந்தப் படமும் காணும் உயிரும்

உயிர் உண்டென்பதும், அஃது உடம்பின் வேறென்பதும், உடம்பிற் பொருந்திக் கருவிகளின் வழியே அறியுமென்பதும் சைவசித்தாந்த நூல்களிற் பலபடியாக ஆராய்ந்து நிறுவப்பெற்றவை. சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரம் உயிரின் உண்மையையும், நான்காஞ் சூத்திரம் அவ்வுயிர் அந்தக்கரணங்களின் வேறாய் நின்று அவற்றோடு கூடி அறியும் முறைமையையும் கூறுதல் அன்பர்கள் அறிந்ததே. இவ்வாராய்ச்சி மடங்களிலும் பாடவகுப்புகளிலும் நூல்வழக்காக நிகழ்ந்து வருவது. ஆயின் இக்காலத்தில் இதே வினா, நூலோதாதார் வாயிலும், மருத்துவமனைப் படுக்கையின் அருகே, வேறொரு வடிவில் எழுகின்றது. "இவருக்கு உணர்வு உண்டோ, இல்லையோ? படம் என்ன சொல்லுகிறது?" என்று நோயாளியின் சுற்றத்தார் வினவுகின்றனர். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என்னும் பகுதிகளின் பெருவீதிகளில் எம்.ஆர்.ஐ. எனப் பலகை தூக்கிய நிலையங்கள் பலவாயின பின்னர், இவ்வினா நம்மனோர் இல்லங்களுக்கும் அயலானதன்று.

இதற்கு விடை கூறுவோர் இருதிறத்தார். ஒருதிறத்தார், மூளையின் குருதியோட்டத்தைக் காந்தத்தால் அளந்து படமாக்கும் கருவி வந்துவிட்டமையின், மனமும் அறிவும் மூளையின் தொழிலே என்பது கண்கூடாயிற்று என்பர். மற்றொருதிறத்தார், தியானஞ் செய்வாருடைய மூளைப் படம் பிறர் படத்தின் வேறுபடக் காண்டலின், நம் நூல்கள் கூறும் மேல்நிலைகள் விஞ்ஞானத்தால் நிலைபெற்றன என்பர். இவ்விருவரும் ஒரு பிழையையே இருபுறத்தும் நின்று செய்கின்றனர். அப்பிழை நூற்பிழை அளவில் ஒழியாது, பேசமாட்டாது கிடக்கும் ஓருயிரைக் கைவிடுதற்கும் ஏதுவாகக்கூடும். இதனைக் காட்டுதலே ஈண்டு யாம் எடுத்துக்கொண்டது.

கருவியின் இயல்பு

முதற்கண், அக்கருவி செய்வது யாது என்பதை உள்ளவாறு அறிதல் வேண்டும். அறியாது மறுத்தலும் அறியாது புகழ்தலும் ஆராய்ச்சியாளர்க்கு ஆகா.

நம் உடம்பில் மிக்குள்ளது நீர். நீரிலுள்ள ஹைட்ரஜன் அணு ஒவ்வொன்றின் கருவும் ஒரு நுண்ணிய காந்தம் போல்வது. வலிய காந்தப்புலத்தினிடையே உடம்பைக் கிடத்தினால், இந்நுண்காந்தங்களுள் ஒரு சிறு மிகுதி அப்புலத்தின் வழி நிற்கும். அவற்றின் அதிர்வுக்கு ஒத்த அதிர்வினையுடைய வானொலி அலையைச் சிறுபொழுது செலுத்தி நிறுத்தினால், அவை அசைந்து பழைய நிலைக்கு மீளும்போது மெல்லியதொரு குறியை வெளிவிடும். அக்குறிகளைத் திரட்டிக் கணித்து உருவமாக்குவதே எம்.ஆர்.ஐ. படம். எக்ஸ்ரேயின் தொடர்பு இதிற் சிறிதும் இல்லை. மூளையாராய்ச்சிக்குப் பெரிதும் ஆளப்படும் 3 டெஸ்லாக் காந்தம், சென்னையில் நிலவும் புவிக்காந்தப் புலத்தினும் ஏறத்தாழ 70,000 மடங்கு வலியது. அதன் கம்பிச்சுருள் திரவ ஹீலியத்தால் −269 பாகையளவிற் குளிர்விக்கப்பட்டிருக்கும். இம்முறையை உருவாக்கியமைக்காகப் பால் லாட்டர்பர், பீட்டர் மான்ஸ்பீல்டு இருவரும் 2003-ல் நோபெல் பரிசு பெற்றனர். நம் நாட்டிலும், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஜி. சூர்யன் என்பார், ஓடுகின்ற நீர்மப்பொருளில் இவ்வணுக்கரு ஒத்ததிர்வு எவ்வாறு வேறுபடும் என்பதை 1951-லேயே ஆராய்ந்து வெளியிட்டமை நினைவுகூரத்தக்கது.

மூளையின் அமைப்பைக் காட்டும் படம் வேறு. தொழிலைக் காட்டும் படம் வேறு. வீதிகளிலுள்ள நிலையங்களிற் பெரும்பாலும் எடுக்கப்படுவது முன்னையது. கட்டி, அடைப்பு, குருதிக்கசிவு முதலியவற்றை அது காட்டும். நம் ஆராய்ச்சிக்கு உரியது பின்னையது. குருதியின் செந்நிறப் பொருளாகிய ஹீமோகுளோபின், பிராணவாயுவைத் தாங்கியுள்ளபோது காந்தத்தால் மெல்ல விலக்கப்படும். அதனை இழந்தபோது ஈர்க்கப்படும். இதனை 1936-ல் லைனஸ் பாலிங், சார்ல்ஸ் கோரியெல் இருவரும் கண்டனர். இவ்வேறுபாட்டையே கருவியாகக் கொண்டு மூளையின் தொழிலைப் படமாக்கலாம் என்பதை 1990-ல் செய்ஜி ஒகாவா என்னும் ஜப்பானியர் எலிகளிடத்துக் காட்டினார்; 1992-ல் மனிதரிடத்தும் அது காட்டப்பட்டது. மூளையின் ஒரு பகுதி தொழிற்படுங்கால் அப்பகுதிக்கு வேண்டிய அளவினும் மிகுதியாகப் புதுக்குருதி பாய்கின்றது. அதனால் ஆண்டெழும் குறி நூற்றுக்கு ஒன்றிரண்டு கூறளவே மிகுகின்றது. அம்மிகுதியும் தொழில் தொடங்கி ஐந்தாறு விநாடி கழிந்த பின்னரே உச்சத்தை அடையும்.

மனித மூளை ஏறக்குறைய 1.4 கிலோ எடையுடையது. உடம்பின் எடையில் நூற்றிலிரண்டு பங்கேயாயினும், ஓய்ந்திருக்கும் உடம்பு செலவிடும் ஆற்றலில் ஐந்திலொரு பங்கை அஃது உண்கின்றது. அதன்கண் நரம்பணுக்கள் ஏறக்குறைய 8,600 கோடி. படத்தில் ஒரு புள்ளியாகத் தோன்றும் சிறு கூற்றுள் இலட்சக்கணக்கான நரம்பணுக்கள் அடங்கும். படத்திற் காணப்படும் செம்மையும் மஞ்சளும் மூளையில் எரியும் விளக்கல்ல. குறி வேறுபட்டதென்று கணக்கினால் துணியப்பட்ட இடத்திற்குக் கணிப்பொறி இட்ட சாயமே.

இதனை மற்றோராராய்ச்சியோடு ஒப்புநோக்கின் இன்னும் விளங்கும். அடையாற்றை அடுத்த சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலுள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையத்தார், கருவிலேயே உயிர்நீங்கிய சிசுக்களின் மூளைகளை மெல்லிய தகடுகளாக அரிந்து, 5,132 தகடுகளின் உருவங்களைத் 'தரணி' என்னும் பெயரால் 2024 டிசம்பரில் உலகிற்கு வழங்கினர். அது மூளையின் அணுவமைப்பை எண்ணிக் காட்டுவது. தொழிற்படமோ உயிருள்ள மூளையை அரியாது, புறத்தே நின்று, அதன் குருதிவேறுபாட்டை நோக்குவது. முன்னது ஓரில்லத்தின் செங்கற்களை ஒவ்வொன்றாக எண்ணுவது போல்வது. பின்னது அவ்வில்லத்தின் எப்பகுதியிற் புகை எழுகின்றது என்று வீதியில் நின்று பார்ப்பது போல்வது. இரண்டும் அரிய தொழில்களே. இரண்டிலும் இல்லத்தான் முகம் காணப்பட்டிலது.

அளவை நெறி

இனி, இப்படம் எவ்வளவையின்பாற்படும்? காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் இதனைக் காண்டல் என்பார் பலர். அது பொருந்தாது. காணப்பட்டது காந்தக்குறியின் வேறுபாடு. அதிலிருந்து குருதியின் வேறுபாடும், குருதியிலிருந்து நரம்பணுக்களின் தொழிலும், அதிலிருந்து நினைவும் கருதிப் பெறப்படுகின்றன. ஆகவே இது கருதலளவையே. அதிலும் ஒன்றன்மேலொன்றாய் அடுக்கிய கருதல். கருதல் குற்றமுடையதன்று, உலகவழக்கிற் பெரும்பகுதி அதன்மேலேயே நடைபெறுகின்றது. ஆயினும் ஒவ்வோரடுக்கிலும் ஏதுவிற்கும் சாத்தியத்திற்கும் உள்ள வியாத்தி ஆராயப்படுதல் வேண்டும்.

இதனை மேனாட்டு அறிஞரே உணர்ந்து தம் கூட்டத்தாரை எச்சரித்துள்ளனர். 2006-ல் ரஸ்ஸல் போல்டிராக் என்பார், அச்சத்தின்போது மூளையின் ஓரிடம் தொழிற்படக் கண்டமையால், அவ்விடம் தொழிற்பட்டபோதெல்லாம் அச்சமே உளதெனக் கொள்ளுதல் போலியென்று காட்டினார். ஓரிடமே பல தொழிற்கும் உரித்தாதலின் என்க. இதனை நம் தருக்கநூலார் அநைகாந்திகம் என்பர். 2009-ல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் செத்த மீனொன்றைக் கருவியுள் வைத்து, அதற்கு மனிதர் உருவப்படங்களைக் காட்டி ஆராய்ந்தனர். பல்லாயிரம் புள்ளிகளை ஒருங்கே சோதிக்குங்கால் செய்யவேண்டிய திருத்தத்தைச் செய்யாதுவிட்ட கணக்கில், செத்த மீனின் மூளையிலும் தொழில் உண்டென வந்தது. திருத்தஞ் செய்தவழி அது மறைந்தது. அவர் கருத்துக் கருவி பொய்யென்பதன்று. காவலின்றிக் கருதுவான் இல்லாததனை உளதாகக் காண்பான் என்பதே.

இல்லாததனை உளதெனக் காணுதல் ஒரு பிழை. உள்ளதனை இலதெனத் துணிதல் அதனினும் கொடிய பிழை. இப்பின்னையதே நம் பொருளுக்கு உயிர்நிலையாவது.

சிவஞானசித்தியார் அளவையியல், ஏதுவை இயல்பு, காரியம், அநுபலத்தி என மூன்றாக வகுக்கும். புகையாகிய காரியத்தால் நெருப்பாகிய காரணத்தை உணர்தல் காரியவேது. குளிர்ச்சி இன்மையாற் பனியின்மையை உணர்தல் அநுபலத்தியேது. பனி உள்ளவிடத்துக் குளிர்ச்சி ஒருதலையாக உளதாகலின், குளிர்ச்சியின்மை பனியின்மையைக் காட்டவல்லதாயிற்று. புகையின்மை நெருப்பின்மையைக் காட்டுமோ எனின், காட்டாது. கொல்லன் உலையிற் பழுக்கக் காய்ந்த இருப்புருண்டையில் நெருப்பு உண்டு; புகை இல்லை. புகை உள்ளவிடத்து நெருப்பு உண்டென்பது மெய். நெருப்பு உள்ளவிடமெல்லாம் புகை உண்டென்பது மெய்யன்று. இளமாணவரும் அறிந்த இவ்வேறுபாட்டை மருத்துவமனையில் மறந்துவிடுகின்றோம்.

ஆகவே கேட்கற்பாலது இது: மூளைப் படத்திற் காணும் குறிக்கும் உள்ளுணர்விற்கும் உள்ள தொடர்பு, குளிர்ச்சிக்கும் பனிக்கும் உள்ளது போன்றதா, புகைக்கும் நெருப்பிற்கும் உள்ளது போன்றதா?

நிகழ்ந்தவை

2006-ல் இங்கிலாந்து கேம்பிரிட்ஜ் நகரில் ஏட்ரியன் ஓவன் முதலியோர் ஓராராய்ச்சியை வெளியிட்டனர். சாலை விபத்தில் மூளை ஊறுபட்ட 23 வயதுப் பெண்ணொருத்தி, கண்விழித்தும் உறங்கியும் கிடந்தனளேயன்றி, ஏவியதொன்றும் செய்திலள். உணர்வற்றவள் என்றே மருத்துவர் துணிந்திருந்தனர். ஐந்து திங்கள் கழிந்தபின் அவளைக் கருவியுட் கிடத்தி, டென்னிஸ் ஆடுவதாக நினைக்குமாறு ஒருமுறையும், தன் இல்லத்தின் அறைதோறும் நடந்து செல்வதாக நினைக்குமாறு ஒருமுறையும் கூறினர். முன்னையதன்கண் அசைவிற்குரிய இடமும், பின்னையதன்கண் இடவுணர்விற்குரிய இடங்களும், நலமுடையார் மூளையிற் போலவே தொழிற்பட்டன. விரல் ஒன்றையும் அசைக்கமாட்டாதவள், சொல்லைக் கேட்டாள், பொருளை உணர்ந்தாள், நினை என்றதை நினைத்தாள்.

2010-ல் அவ்வாராய்ச்சி விரிவுற்றது. இத்தகைய நோயாளர் 54 பேரை ஆராய்ந்தவழி ஐவர் ஏவலுக்கேற்ப நினைத்தனர். அவருள் ஒருவர், டென்னிஸ் நினைவு ஆமென்பதற்கும் இல்லநினைவு இல்லையென்பதற்கும் குறியாகக்கொண்டு, தம் குடும்பத்தைப் பற்றிய வினாக்களுக்கு விடையும் இறுத்தனர்.

2024 ஆகஸ்டில் வெளிவந்த ஆராய்ச்சி இவையெல்லாவற்றினும் பெரிது. பல நாட்டு மருத்துவ நிலையங்கள் கூடி, 353 பேரைக் காந்தப் படத்தாலும், மூளை மின்னலைப் பதிவாலும், சிலரை இரண்டாலும் சோதித்தன. புறத்தே ஏவலுக்கு இணங்காதார் 241 பேர். அவருள் 60 பேர், அஃதாவது நால்வரில் ஒருவர், அகத்தே இணங்கினர். இச்செய்தியையே பலரும் வியந்து பேசினர். யாம் அதனினும் மிகுதியாக நோக்கத்தக்கதெனக் கருதுவது பிறிதொரு கணக்கு. புறத்தே ஏவலுக்கு இணங்கினவராய், உணர்வுடையர் என்பதில் ஐயமே இல்லாத 112 பேரும் இவ்வாறே சோதிக்கப்பட்டனர். அவருள் 43 பேரிடத்தே கருவி குறி காட்டியது. எஞ்சிய 69 பேரிடத்துக் காட்டவில்லை. கண்முன்னே ஏவலைச் செய்து காட்டியவரிற் பாதிக்கு மேற்பட்டாரிடத்து, கருவி மௌனமாயிற்று.

இனி ஐயமென்னை? இத்தொடர்பு குளிர்ச்சிக்கும் பனிக்கும் உள்ளதன்று. புகைக்கும் நெருப்பிற்கும் உள்ளதே. குறி தோன்றியவழி அறிவு உண்டெனல் ஒக்கும். தோன்றாதவழி அறிவு இல்லையெனல் ஒவ்வாது. அயர்வினாலோ, செவிப்புலன் குறைவினாலோ, அப்பொழுது உறக்கம் மிக்கமையாலோ, ஏவலை நினைவிற் பிடித்துநிற்க மாட்டாமையாலோ குறி தோன்றாதொழியலாம். காந்தக் கருவி உண்டென்று கூறுமிடத்துச் சான்றாம், வாளாவிருக்குமிடத்துச் சான்றாகாது.

இத்தகைய நிலை நம் மரபிற்குப் புதிதன்று. மயிலையில் அவதரித்த வாயிலார் நாயனார், மறவாமையைக் கோயிலாகவும், உணர்வை விளக்காகவும், ஆனந்தத்தைத் திருமஞ்சனமாகவும், அன்பை நிவேதனமாகவும் கொண்டு, அகத்தே பூசை புரிந்து முத்தியெய்தியமை பெரியபுராணத்தாற் பெறப்படும். அவர் குருபூசை மார்கழி இரேவதியில் நிகழ்வது. அப்பூசை நிகழ்ந்த காலத்து அவ்வீதி வழிச் சென்றார் கண்டது யாது? வாளாவிருந்த ஒருவரையே. மணியோசை இல்லை, மலர் இல்லை, வாயசைவும் இல்லை. நாயனார் நிறைவால் அடங்கினார். நோயாளர் ஊற்றால் அடங்கினர். இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் புறத்தொழில் இன்மை அகத்தொழில் இன்மைக்கு ஏதுவாகாது என்னும் அளவில் இரண்டும் ஒரு பாடத்தையே கற்பிக்கின்றன.

தடையும் விடையும்

அற்றேல், நினைவு வேறுபடுந்தோறும் மூளையும் வேறுபடக் காண்டலானும், மூளை ஊறுபட்டவழி நினைவும் குணமும் கெடக் காண்டலானும், மூளையின் வேறாய் உயிர் ஒன்றுண்டென்றல் வேண்டாகூறலாம் பிற எனின், அற்றன்று. மனம் முதலிய அந்தக்கரணங்கள் உயிரென்று நாம் எஞ்ஞான்றும் கூறினோமல்லேம். அவை மாயையின் காரியம், சடம், உயிர்க்குக் கருவி. உடம்பை மாயையாலாகிய இயந்திரம் என்றே மெய்கண்ட தேவர் வழங்குவர். கருவி கெட்டவழித் தொழில் கெடுமென்பது கருவிக்கொள்கையினர்க்கு உடன்பாடேயன்றி மறுப்பன்று. அமைச்சர் சோர்ந்தவழி அரசன் ஆணை வெளிப்படாது. அதுகொண்டு அரசன் இலன் எனல் ஆகாது. அன்றியும் மூளை தூலவுடம்பின் பகுதி, அந்தக்கரணங்கள் சூக்குமவுடம்பின்பாற்படுவன. ஆதலின் படம் காட்டுவது உயிருமன்று, மனமுமன்று. மனத்தின் தொழில் தூலவுடம்பிற் பதித்த அடிச்சுவடே.

இன்னும் ஒன்று. 2005-ல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், ஒருவரைக் கருவியுட் கிடத்தி, அவர் மூளையின் தொழிலை அவர்க்கே அக்கணத்திற் காட்டி, அதனை மிகுக்கவும் குறைக்கவும் பயிற்றி ஆராய்ந்தனர். தன் மூளையைக் கண்டு, இது என் மூளையென்று சுட்டி, அதனை மாற்ற முயல்வான் எவன்? மூளையின் பிறிதொரு கூறே எனின், அக்கூற்றையும் படமாக்கிக் காட்டலாமன்றோ? காட்டியவழி அதுவும் காணப்படும் பொருளேயாம். சுட்டியறியப்படுவது அசத்தென்பது ஆறாஞ் சூத்திரக் கருத்து. எத்துணைக் கருவி வரினும் காணப்படும் பொருளின் தொகை பெருகுமேயன்றிக் காண்பான் அத்தொகையுள் அடங்கான்.

அற்றேல், உயிர் உண்டென்பதைக் கருவி நிறுவியதென்று கொள்வாமோ எனின், அதுவும் ஆகாது. ஈண்டு நம்மவர் சிலர் மிகைப்படக் கூறுவதை மறுத்தல் எம் கடன். உயிருண்மை வேறு ஏதுக்களால் நிறுவப்பட்டது. காந்தத்தின் துணையை அது வேண்டி நின்றதன்று. காணமாட்டாத கருவி மறுக்கவும் மாட்டாது, நிறுவவும் மாட்டாது.

சென்னைப் பெருமருத்துவமனையில் 1950-ல் மூளையறுவைத் துறையைத் தொடங்கியவரும், பின்னர் அடையாற்று வி.எச்.எஸ். மருத்துவமனையிற் பணிபுரிந்தவருமாகிய டாக்டர் பா. இராமமூர்த்தி, நான்காம் நனவுநிலையாகிய துரியாவத்தையைப் பற்றி 1995-ல் மருத்துவ இதழொன்றில் எழுதினார். மூளையைக் கையால் தொட்டறிந்த பெருமருத்துவர் இவ்வினாவை இகழாது எடுத்துக்கொண்டமை பாராட்டற்குரியது. ஆயினும் சொல்லொற்றுமை கொண்டு பொருளொற்றுமை துணியலாகாது. யோகநூலாரும் வேதாந்திகளும் துரியமென்பது உயர்ந்ததோர் அறிவுநிலை. மெய்கண்ட சாத்திரங்களில், கீழ்நோக்கிய அவத்தையில், துரியம் கருவிகள் பெரிதும் ஒடுங்கிய பேருறக்கம். நனவிற் கருவிகள் 35; கனவில், ஞானேந்திரியமும் கன்மேந்திரியமுமாகிய பத்தும் நீங்க, 25; உறக்கத்திற் சித்தமும் பிராணனும் புருடனுமாக 3; பேருறக்கத்தில் 2; உயிர்ப்படக்கத்திற் புருடன் ஒன்றே. ஆணவமலத்தால் அறிவு மறைப்புண்ட நிலை அது. அருளால் நிகழும் நின்மலாவத்தையோ முற்றும் வேறானது. கருவி ஒடுங்கிய அளவில் இரண்டும் புறத்தார்க்கு ஒன்றுபோலத் தோன்றலாம். எது மலத்தான் ஒடுங்கியது, எது அருளான் ஒடுங்கியது என்று எந்தக் காந்தம் பகுக்கவல்லது? ஆகலின் தியானப் படத்தைக் கண்டு முத்திநிலை கண்டாமென்பார் நம் சமயத்தை உயர்த்தினாரல்லர், கருவிக்கு அடிமைப்படுத்தினார்.

அவ்வவத்தைப் பாகுபாட்டினால் நாம் கொள்ளத்தக்க பயன் பிறிதொன்று. அறிவு, ஏற்றியதும் அணைத்ததுமாகிய இரண்டே நிலையுடையதன்று. கருவிகள் சிறிது சிறிதாக ஒடுங்கும். சிறிது சிறிதாக விரியும். ஒரு நனவிற்குள்ளேயே ஐந்தவத்தையும் விரவி நிகழ்தல் உண்டு. கன்மேந்திரியம் முற்றும் அடங்கச் செவியும் சித்தமும் அடங்காது நிற்றல் நூலுணர்ந்தார்க்கு வியப்பன்று. இற்றை மருத்துவரும் விழிப்பு, அரையுணர்வு, உணர்வின்மை என வரையறுத்த தம் எல்லைகளை மீட்டும் வரையறுக்கப் புகுந்துள்ளனர்.

ஒழுக்க நிலை

இவ்வாராய்ச்சியால் நாம் செய்யக்கடவன யாவை?

முதலாவது, பேசாது கிடப்பாரிடத்து, அவர் கேட்பார் என்றே கொண்டு ஒழுகுதல். "இனி ஒன்றுமில்லை" என்று அவர் செவியருகே பேசுதல், சொத்துவழக்கை அவர் தலைமாட்டில் ஆய்தல், அவரைப் பொருளைப் புரட்டுவது போலப் புரட்டுதல் ஆகியன விலக்கத்தக்கன. பெயர் சொல்லி அழைத்தும், செய்யப்போவதைச் சொல்லிவிட்டுச் செய்தும், திருமுறை ஓதியும் வருக. நால்வரில் ஒருவர் அகத்தே ஏவல் கேட்டாரெனின், இவ்வொழுக்கம் இரக்கம் மட்டுமன்று, நீதியாம். மும்பையில் 1973-ல் கொடுமைக்கு உட்பட்டு மூளை ஊறுற்ற செவிலியாகிய அருணா ஷான்பாகை, 2015-ல் அவர் உயிர்நீங்குமளவும், கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் தலைமுறை மாறியும் 42 ஆண்டு பேணினர். அவர் உள்ளே உணர்வு உண்டென்று அவர்க்கு எந்தப் படமும் உறுதி கூறிற்றில்லை. உறுதியை வேண்டி அவர் காத்திருந்தாருமல்லர். சித்தாந்தம் ஓதாதாரும் சித்தாந்தத்தின் பயனை நிகழ்த்திக் காட்டினர்.

இரண்டாவது, மருத்துவத்தை நிறுத்துதல் பற்றியது. எந்நிலையிலும் குழாயையும் பொறியையும் நீட்டித்தலே அறமென்று யாம் கூறவில்லை. மீளா நிலையிற் செயற்கை மருத்துவத்தை நிறுத்தலாமென்றும், ஒருவர் தம் விருப்பத்தை முன்னரே எழுதிவைக்கலாமென்றும் நம் உச்சநீதிமன்றம் 2018 மார்ச் 9-ல் தீர்ப்பளித்து, அதற்குரிய முறையை 2023-ல் எளிதாக்கியது. வினையின் அளவாகிய உடம்பை ஆரவாரமாகப் பிடித்திழுத்தல் அன்பாகாதவிடமும் உண்டு. எம் கூற்று இஃதே: நிறுத்துதற்குக் காரணம், அவர் முன்னரே கூறிய விருப்பமாகலாம், துன்பத்தின் மிகுதியாகலாம், மருத்துவம் பயன்படாமையாகலாம். "படத்திற் குறி இல்லை, ஆகவே உள்ளே எவரும் இலர்" என்பது காரணமாதல் ஆகாது. விடைகொடுத்தல் வேறு, இல்லையென்றல் வேறு. விடைகொடுப்பவன் எதிரே ஒருவரைக் கண்டு வணங்கி விடைகொடுக்கின்றான். இல்லையென்பவன் வெற்றிடத்திற்குப் புறங்காட்டுகின்றான். செயல் ஒன்றேயாயினும் செய்வானது உள்ளத்தில் இரண்டும் வெவ்வேறு வினையாம்.

மூளைத்தண்டு இறப்பென்பது இதனின் வேறு. தானாக மூச்செழாமை முதலியவற்றை மருத்துவர் மீண்டும் மீண்டும் சோதித்துத் துணிவது அது; 1994-ம் ஆண்டின் உறுப்புமாற்றுச் சட்டத்தின் வழி உறுப்புக்கொடைக்கு இடமாவது. யாம் ஈண்டுக் கூறியவை அதனை மறுப்பன அல்ல.

மூன்றாவது, பிறருளத்தைக் கருவியால் வலிந்து திறக்க முயலுதல். 2010 மே 5-ல், செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்னும் வழக்கில், ஒருவரது இசைவின்றி அவரிடத்து மயக்கமருந்துச் சோதனை, பொய்காண் கருவி, மூளைமின்பதிவு ஆகியவற்றை நிகழ்த்துதல் அரசியல் சாசனத்திற்கு முரணென்று உச்சநீதிமன்றம் விதித்தது. காந்தப் படத்தால் பொய்யைக் காணலாமென்பாரும் உளர். அடுக்கிய கருதலின் மேல் ஒருவனைக் குற்றவாளியென்றல் அளவைப்பிழை. அகத்தைக் களவிற் புகுந்து காண முயறல் அறப்பிழை. அகம் இறைவன் எழுந்தருளும் இடம். ஆண்டுப் புகுதற்கு அவ்வுயிரின் இசைவு வேண்டும்.

கருவியைக் கண்டவரை யாம் போற்றுகின்றோம். நாவும் கையும் அடங்கியார்க்கு, ஆமென்றும் இல்லையென்றும் சொல்லுதற்கு அவர் ஒரு வாயில் திறந்தனர். அவ்வாயில் திறந்தவிடத்து, உள்ளிருப்பாரோடு உரையாடி மகிழ்க. திறவாதவிடத்தும், உள்ளிருப்பார் இலர் என்று மொழியற்க. குறி தோன்றாமை நம் கருவியின் எல்லை, அவ்வுயிரின் எல்லையன்று. இதனை மருத்துவர்க்கும் சுற்றத்தார்க்கும் எடுத்துரைத்தற்கு உரியார் அளவைநூலும் மெய்கண்ட நூலும் பயின்ற நம்மனோரே. படுக்கைப் புறத்தே எழும் அவ்வினாவிற்கு விடைகூற அவர் முன்வருதல் இக்காலத்துச் சிவத்தொண்டாம்.

திருச்சிற்றம்பலம்.